மூட்டையும் மூட்டும்: வணிகர்கள் அறிய வேண்டிய எலும்பு, மூட்டு, நரம்புக் கோளாறுகள்

கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட இரவு உறங்காமல் பேரேட்டைப் புரட்டுகிறவர்கள் நாம். ஆனால் கால் மரத்துப்போய் ஆறு மாதம் ஆனாலும், "வாயுப் பிடிப்பு, தானாகச் சரியாகிவிடும்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டுக் கடை திறக்கப் போய்விடுகிறோம். நெல்லை டவுணில் ரத வீதிகளைச் சுற்றியுள்ள பலசரக்குக் கடையானாலும், நயினார்குளம் மொத்த மார்க்கெட் ஆனாலும், பேட்டைப் பக்கத்துக் கிட்டங்கி ஆனாலும், காலை முதல் இரவு வரை நிற்பது, குனிவது, தூக்குவது, சம்மணமிட்டு உட்கார்வது ஆகிய நான்கும்தான் நம் உடலுக்கு வேலை. இந்த நான்கினாலும் வரக்கூடிய கோளாறுகள் எவை, அவற்றை எப்படி ஆரம்பத்திலேயே அடையாளம் காண்பது, எப்படித் தவிர்ப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். இது டாக்டருக்குப் பதிலாக எழுதப்பட்டதன்று. டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எழுதப்பட்டது.

நம் கிட்டங்கியில் நடந்தது

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளிச் சமயம். அரிசி லாரி தாமதமாக வந்தது. நான்கு பேர் வர வேண்டிய இடத்தில் சுமை இறக்க இரண்டு பேர்தான் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவர் நம்மிடம் பல வருடங்களாக வேலை செய்பவர், வயது நாற்பது இருக்கும். 50 கிலோ மூட்டைகளாக இரவு முழுவதும் இறக்கி அட்டி போட்டார். மறுநாள் இடுப்பிலிருந்து இரண்டு கால்களுக்கும் வலி இறங்குகிறது என்றார். கையில் கொஞ்சம் பணமும் ஒரு தைலப் புட்டியும் கொடுத்து அனுப்பினோம். அதற்கு மறுநாள் சிறுநீர் போகவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். "உஷ்ணம்தான், வெந்தயமும் இளநீரும் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாமேதான். நான்காம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி, தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றையை மொத்தமாக அழுத்திவிட்டது என்று டாக்டர் விளக்கினார். ஆபரேஷன் நடந்தது. "சிறுநீர் நின்ற அன்றே வந்திருந்தால் எவ்வளவோ மீட்டிருக்கலாம்" என்றும் சொன்னார். இன்று அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். சிறுநீர் கழிக்கக் குழாய் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நாளை அவருக்கு இழக்கச் செய்தது நம்முடைய அறியாமை. வேறு யாருக்கும் இப்படி நேரக்கூடாது.

'நரம்பு' என்று நாம் சொல்வது எதை?

குழப்பம் நம் பேச்சிலேயே தொடங்குகிறது. ஊசி போட வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கவில்லை" என்றால் அது இரத்தக்குழாய். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு "நரம்பு இழுத்துவிட்டது" என்றால் அது தசை. கணுக்கால் பிசகி "நரம்பு பிசகிவிட்டது" என்றால் அது எலும்புகளைப் பிணைக்கும் நார். கால் முழுவதும் பச்சையாகப் புடைத்து நிற்கும் 'நரம்புச் சுருட்டல்' இரத்தக்குழாய் வீக்கமே. உண்மையான நரம்பு என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உணர்ச்சியையும், அங்கிருந்து கட்டளையையும் எடுத்துச் செல்லும் கம்பி போன்றது. அது பாதிக்கப்பட்டால் மூன்று அடையாளம் உண்டு: மரத்துப்போதல், எரிச்சல் அல்லது ஷாக் அடித்தாற்போன்ற வலி, பலம் குறைதல்.

டாக்டரிடம் "நரம்பு வலி" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதி விஷயம்தான் தெரியும். எந்த இடத்தில், எந்த விரலில், எந்த நேரத்தில், என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது என்று ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சரக்குக்குச் சிட்டை எழுதும் நமக்கு இது பெரிய வேலையில்லை.

இடுப்பும் முதுகும்

முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போன்ற இடைத்தட்டுகள் இருக்கின்றன. குனிந்து, மூட்டையை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்து, அதே வேகத்தில் இடுப்பைத் திருப்பினால் கீழ்முதுகின் தட்டுகளில் அழுத்தம் பல மடங்கு ஏறும். கைத்தராசின் கோலை நினைத்துப் பாருங்கள். எடை பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு இழுக்கும். அதே கணக்குத்தான்.

பெரும்பாலான இடுப்பு வலி தசையும் நாரும் சம்பந்தப்பட்டது. சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். இதற்குப் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். ஓரிரு நாளுக்கு மேல் படுத்திருந்தால் தசை பலவீனமாகி வலி நீடிக்கும். சுமை தூக்காமல், மெல்ல நடமாடிக்கொண்டிருப்பதே நல்லது.

வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதம் வரை இறங்கினால் அதை சயாட்டிகா என்பார்கள். வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒருவர் அந்தக் காலை மெதுவாக உயர்த்தட்டும். பாதி உயரம் போவதற்குள் காலின் கீழ்ப்பகுதி வரை வலி சுரீரென்று ஓடினால் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்து, குதிகாலில் பத்து அடியும் முன்பாதத்தில் பத்து அடியும் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நடக்க முடியாவிட்டால் அந்த நரம்பின் பலம் குறைந்திருக்கிறது; தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எல்லா இடுப்பு வலிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் 'தட்டு பிதுக்கம்' தெரியும். ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, உடல் பரிசோதனையோடு அது ஒத்துப்போகிறதா என்று டாக்டரிடம் கேட்பதே முறை. ஆனால் முதுகு வலியுடன் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்.

கழுத்தும் தோளும்

சும்மாடு வைத்துத் தலைச்சுமை எடுப்பவர்களுக்கும், கல்லாவில் குனிந்தே பில் போடுபவர்களுக்கும், தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு ஆர்டர் எடுப்பவர்களுக்கும் கழுத்தெலும்புத் தேய்மானம் சீக்கிரம் தொல்லை கொடுக்கும். வலி தோள் வழியாகக் கைவிரல் வரை இறங்கலாம். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் கழுத்துத் தசை மெலிந்துவிடும். டாக்டர் சொன்ன நாள் வரை போதும். நடக்கும்போது தடுமாற்றம், சட்டைப் பொத்தான் போடவும் சில்லறை எண்ணவும் விரல்கள் மக்கர் செய்வது ஆகியவை தண்டுவடமே அழுந்துவதன் அறிகுறி. வலி இல்லை என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது அதிகம். மேல் தட்டில் உள்ள டப்பாவை எடுக்கக் கை உயராது; இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், வலி தாங்கும் அளவுக்கு அன்றாடம் தோளை அசைப்பதும்தான் இதற்கு வழி.

மூன்று வகை மூட்டு வலி

மூட்டு வலி எல்லாம் 'வாதம்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. மூன்றையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, முழங்கால் தேய்மானம். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் உள்ள விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். வயது, உடல் எடை, நாள் முழுவதும் குத்தவைத்து வேலை செய்தல் ஆகியவை முக்கியக் காரணங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஐந்து கிலோ இளைத்தால் அடிக்கு இருபது கிலோ லாபம்! தொடைத் தசையைப் பலப்படுத்துவது அடுத்த மருந்து. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை வீதம், காலையும் மாலையும் செய்யலாம்.

இரண்டாவது, முடக்கு வாதம். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒரேபோல் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருக்கும். பெண்களுக்கு அதிகம் வரும். இது தேய்மானம் அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். முதல் சில மாதங்களில் தகுந்த மருந்தைத் தொடங்கினால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம். வீட்டில் தாய்மார்கள் "காலையில் மாவு பிசைய முடியவில்லை" என்றால் அலட்சியம் வேண்டாம். 2006-இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருந்தவர்களைப் பலரும் பார்த்திருப்போம். அப்படிக் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வலியும் இதுபோலவே தோன்றும் என்பதால், வேறுபடுத்திச் சொல்ல டாக்டரால்தான் முடியும்.

மூன்றாவது, கௌட். கால் பெருவிரலின் அடி மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கும்; போர்வை பட்டாலும் தாங்காது. யூரிக் அமிலம் படிகமாக மூட்டில் படிவதே காரணம். மது, ஆட்டு ஈரல், நெத்திலி, மத்தி போன்றவை இதைத் தூண்டும். வலி இருக்கும் அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாக இருப்பதாகக் காட்டலாம். ஆகவே குணமான இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கை மரத்துப்போனால்

பொட்டலம் மடித்து, சணல் இழுத்துக் கட்டி, சாக்குத் தைத்து வருகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கடிக்கு ஆளாகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் நள்ளிரவில் மரத்து, எழுந்து கையை உதறினால் சரியாகும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்தால் மரப்பு வருகிறதா என்று பாருங்கள். தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே ஆரம்பத்தில் போதும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மட்டும் மரத்தால் கோளாறு முழங்கையில் இருக்கிறது. கல்லா மேசையின் விளிம்பில் முழங்கையை ஊன்றியே உட்கார்ந்திருப்பது ஒரு காரணம். விளிம்பில் ஒரு துணி மெத்தை வைத்தாலே பலருக்குக் குறையும். அதேபோல், பணப்பை வைத்த அகல பெல்ட்டை இறுக்கிக் கட்டுவதால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். பெல்ட்டைத் தளர்த்துவதே மருந்து. கால் மேல் கால் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முழங்காலின் வெளிப்பக்க நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிவிடுவதும் உண்டு.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் போன்ற படை இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். தாமதித்தால்தான் விரல் ஊனமாகும்.

பாதத்தைப் பாருங்கள்

கல்லாவில் இருப்பவள் லட்சுமி என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் ஏறுவது நம் பழக்கம். அந்த மரியாதையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சர்க்கரை நோயால் பாத நரம்பு மரத்துப்போனவருக்கு வெறுங்கால் பெரும் ஆபத்து. நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் சாக்குத் தைக்கும் ஊசி உள்ளங்காலில் ஏறியது தெரியாமல் இரண்டு நாள் நடந்தார். துர்நாற்றம் வந்த பிறகே வீட்டார் கவனித்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நண்பகலில் கோயில் பிராகாரத்தின் சூடான கல்தளம், ஆனித் தேரோட்ட நாளின் தார்ச் சாலை, திருச்செந்தூர்ப் பாதயாத்திரை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பக்தியோடு பாதப் பரிசோதனையும் சேர்ந்திருக்கட்டும்.

சர்க்கரை உள்ள அங்கத்தினர்கள் தினமும் இரவு கடை கட்டியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வருடம் ஒருமுறை டாக்டரிடம் உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்க்கும் சாதாரணச் சோதனைதான். கடைக்குள் அணிய மட்டும் ஒரு ஜோடி மென்மையான செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அது தெருவை மிதிக்காத செருப்பு என்பதால் மனமும் ஒப்பும்.

சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு நெடுநாள் மெட்பார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 வைட்டமின் குறைந்து பாத எரிச்சல், இருட்டில் தள்ளாட்டம் ஆகியவை வரக்கூடும். சர்க்கரையால் வந்தது என்று இதை விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டால், ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம். அன்றாடம் பால், தயிர் சேர்ப்பது நல்லது.

எலும்புக்கு வெயிலும் கேழ்வரகும்

வெயில் கொளுத்தும் திருநெல்வேலியிலும் கடைக்காரருக்கு வைட்டமின் டி குறையக் காரணம், சூரியன் உதிக்கும்போது கடைக்குள் போய் அது மறைந்த பின் வெளியே வருவதுதான். எலும்பு வலி, படி ஏறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் தொடை பலமின்மை ஆகியவை அறிகுறிகள். விடியற்காலை இளவெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் குறைவு. காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணிக்குள் கை, முகம், முதுகில் படும்படி 20 நிமிடம் நிற்பதே பலன் தரும். சுண்ணாம்புச் சத்து வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளில் இன்னும் அதிகம். நம் கடையிலேயே இருக்கும் சரக்குகள் இவை!

கை கால் முறிந்தால் கட்டு வைத்தியரிடம் ஓடுவது தென்மாவட்ட வழக்கம். நாம் வலியுறுத்துவது ஒன்றே: முதலில் எக்ஸ்ரே எடுங்கள். எந்தக் கட்டானாலும் அளவுக்கு மீறி இறுகினால் தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் நின்றுவிடும். விரல் வீங்கி, நீலம் பாரித்து, குளிர்ந்து, மரத்துப்போனாலும், விரலை அசைத்தால் தாங்க முடியாத வலி எழுந்தாலும் உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரத்துக்குள் தசை செத்துவிடும். பிறகு அந்தக் கை வாழ்நாள் முழுவதும் மடங்கியே இருக்கும். சுளுக்கு விழுந்த முதல் இரண்டு நாள் உருவித் தேய்க்காமல் ஐஸ் துணி ஒற்றடம் கொடுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கல்லூரி தொடங்கியது 1965-இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1964-இல், அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கே தொடங்கப்பட்டுவிட்டது. வர்மம், தொக்கணம் போன்றவற்றை நாடுகிறவர்கள், பதிவு பெற்ற மருத்துவர்களிடமே செல்ல வேண்டும்.

வலி மாத்திரை எனும் கடன்

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தின்னும் வலி மாத்திரை, கந்துவட்டிக் கடன் மாதிரி. இன்றைக்கு நிம்மதி, நாளை வயிற்றுப் புண், சிறுநீரகச் சேதம் என்று வட்டி கட்ட வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். 'மூட்டு வலிக்கு ஒரே நாளில் குணம்' என்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முதலில் பறந்துபோகும் வலி. பின்னால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், தொடையெலும்பின் தலைப்பகுதி இரத்தம் இல்லாமல் சிதைந்துபோகும். நம் கடைகளில் அப்படிப்பட்ட பொடியை விற்கவும் கூடாது.

நாம் விற்கும் சரக்கும் நரம்பும்

வியாபாரி தன் உடம்பை மட்டும் பார்த்தால் போதாது. 1959-இல் மொராக்கோ நாட்டில் சமையல் எண்ணெயில் இயந்திர எண்ணெயைக் கலந்து விற்றதால் சுமார் 10,000 பேருக்குக் கை கால் விழுந்தது. நம் நாட்டில் கேசரிப் பருப்பை முக்கிய உணவாக மாதக்கணக்கில் சாப்பிட்ட ஏழைகளுக்குக் கால்கள் விறைத்துப்போனது பழைய வரலாறு. 1961-இல் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அந்தத் தடை இடம்பெற்றது. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் அதைக் கலப்பதுண்டு. உருண்டையாக இல்லாமல், ஒரு பக்கம் சரிந்து ஆப்பு போன்ற வடிவில் இருக்கும் பருப்பைத் தனியே எடுத்துப் பாருங்கள். மஞ்சளுக்கு நிறம் ஏற்றச் சேர்க்கும் ஈயக் குரோமேட் குழந்தைகளின் மூளையையும் நரம்பையும் பாதிக்கும். விலை மலிவு என்று சந்தேகமான சரக்கை இறக்காதீர்கள். பத்துத் தெருக்காரர்களின் நரம்பு நம் தராசுத் தட்டில் இருக்கிறது.

கடையில் செய்ய வேண்டியவை

சுமை: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, ஓர் ஆண் கையால் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்ச வரம்பாகச் சொன்னது. 1991-இல் அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த சூத்திரமோ, எல்லா வசதியும் இருக்கும்போதே 23 கிலோதான் பாதுகாப்பானது என்கிறது. ஆகவே 50 கிலோ மூட்டையை ஒருவர் தரையிலிருந்து தனியாகத் தூக்குவது முறையன்று, இருவர் தூக்கட்டும். முடிந்த இடத்தில் 25 கிலோ சிப்பமாக வாங்குங்கள். ஒரு கைவண்டியின் விலை ஒரு ஆபரேஷன் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

தூக்கும் முறை: கால்களை அகற்றி வைத்து, முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும்.

அடுக்கு: கனமான சரக்கை இடுப்பு உயரத்தில் வையுங்கள். இலேசானவை மேலும் கீழும் போகட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த கடைகளில், நனைந்து கனத்த மூட்டைகளை அவசர அவசரமாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. தாமிரபரணிக் கரையோர வணிகர்கள் மழைக்காலத்துக்கு முன்பே அரிசியையும் சர்க்கரையையும் உயர்ந்த மரக்கட்டை மேல் அடுக்கிவிடுவது சரக்குக்கும் நல்லது, இடுப்புக்கும் நல்லது.

இருக்கை: கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. சட்டத்துக்காக மட்டுமன்றி மனிதருக்காகவும் நாற்காலி போடுவோம். நாமும் அரை மணிக்கு ஒருமுறை கல்லாவைவிட்டு எழுந்து, இரண்டு நிமிடம் முதுகை நிமிர்த்தி நடப்போம்.

இவை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி

1. இடுப்பு வலியுடன் சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடு இழத்தல், உட்காரும் இடம் மரத்துப்போதல், இரண்டு கால்களிலும் பலமின்மை.

2. திடீரென்று ஒரு பக்கக் கை கால் விழுதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல். இது நரம்புப் பிடிப்பன்று, பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு.

3. இடது தோள் வலியுடன் மார்பு அழுத்தமும் வியர்வையும். இது தைலம் தேய்க்கும் வலியன்று, இருதயம்.

4. ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சூடாகி, குளிர் காய்ச்சல் வருதல். மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.

5. கட்டுப் போட்ட கை கால் நீலமாதல், மரத்தல்.

6. சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் புண்.

முதல் மூன்றுக்கும் 108-ஐ அழையுங்கள். இந்த ஆறையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

முடிவாக

நமது சங்கம் வருடம் ஒருமுறை, தீபாவளிச் சரக்கு இறங்குவதற்கு முன்பு, உறுப்பினர்களுக்கும் சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே சர்க்கரை, இரத்த அழுத்தம், பாத உணர்ச்சிப் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்பது நம் யோசனை. முதலாளிக்கு ஒரு நாள், தொழிலாளிக்கு ஒரு நாள் என்று பிரிக்க வேண்டாம். மூட்டை அனைவருக்கும் ஒரே கனம்தான்.

மேலே சொன்ன அந்த அண்ணன் இன்று நம் கடையில் சிட்டை எழுதுகிறார். லாரி வந்து நின்றால் முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான்: "எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள், அண்ணாச்சி." நான்கு பேர் சேராமல் நம் கிட்டங்கியில் இப்போது லாரியின் தார்ப்பாய் அவிழ்ப்பதில்லை. சரக்கு அரை நாள் தாமதமாகும், ஆகட்டும். அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கடையில் இதுபோல ஒரு விதியையாவது இந்த மாதமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டுகிறோம்.